அயலகத்தில் காத்த திருநாள்

காக்கசஸ் மலைத்தொடருக்குத் தெற்கே ஜார்ஜியா, ஆர்மீனியா, அசர்பைஜான் என மூன்று நாடுகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மே மாதம் 26ஆம் நாள் ஜார்ஜியரின் தேசியத் திருநாள். 28ஆம் நாளை ஆர்மீனியரும் அசர்பைஜானியரும் தனித்தனியே தத்தம் நாடு பிறந்த நாளாகப் போற்றுகின்றனர். இவற்றுள் அசர்பைஜானியரின் திருநாளைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுகிறோம். பிறந்த ஊரை விட்டு வந்து, பிள்ளைகளுக்கு ஊரை நினைவூட்டுவதற்கென்றே ஆண்டுக்கொருமுறை மண்டபம் எடுத்து விழா நடத்தும் நம்மனோர்க்கு அவ்வரலாற்றில் அறிய வேண்டுவன பல உண்டு.

நாம் இங்கே பொங்கல் விழா நடத்தும் அதே காலையில் ஊரில் நம் உற்றார் வீட்டு முற்றத்திலும் பானை பொங்கிக்கொண்டிருக்கும். அந்த உறுதி நமக்கு எப்போதும் உண்டு. அசர்பைஜானியர்க்கோ ஏறத்தாழ எழுபது ஆண்டுக்காலம் அவ்வுறுதி இருந்ததில்லை. தாயகத்தில் அந்நாளைக் கொண்டாடுவது குற்றம். அந்நாளின் கொடியை வைத்திருப்பது அதனினும் பெருங்குற்றம். இஸ்தான்புல், பாரிஸ், வார்சா, அங்காரா முதலிய அயலூர்களில் சிறு சிறு கூட்டத்தார் கூடி நினைவு கூர்ந்திராவிடின் அத்திருநாள் உலகில் எங்குமே இல்லாது போயிருக்கும்.

அந்நாள் பிறந்ததும் அயலூரிலேதான் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1917இல் ரஷ்யப் பேரரசு குலைந்தது. அதன் பின் மூன்று நாட்டாரும் ஒன்றுகூடி 1918 ஏப்ரலில் ஒரு கூட்டாட்சியை நிறுவினர். அஃது ஐந்து வாரமே நிலைத்தது. மே 26இல் ஜார்ஜியர் பிரிந்து சென்று திப்லிஸ் நகரைத் தம் தலைநகராக அறிவித்தனர். இன்று திபிலிசி என வழங்கும் நகரம் அது. அசர்பைஜானியத் தேசிய அவையினர் அப்போது அந்நகரத்திலேயே இருந்தனர். தம் சொந்தப் பெருநகரான பாகுவுக்குச் செல்ல அவர்களால் இயலவில்லை. அது போல்ஷ்விக்குகளின் கையில் இருந்தது. எனவே, இரண்டு நாள் முன்புதான் வேறொரு நாட்டின் தலைநகராக மாறிவிட்ட ஊரில், ஜார் மன்னரின் ஆளுநர் முன்பு வாழ்ந்த மாளிகையில், மே 28ஆம் நாள் 26 பேர் கூடினர். விடுதலைப் பிரகடனத்துக்கு 24 பேர் இசைந்தனர், இருவர் வாக்களிக்கவில்லை. தாம் ஆளப்போகும் மண்ணில் காலூன்றவும் இடமில்லாதவர்கள் ஒரு குடியரசைப் பிறப்பித்தார்கள். இரண்டு நாள் கழித்து, முதலமைச்சர் பொறுப்பேற்ற பத்தலி கான் கோய்ஸ்கி இஸ்தான்புல், பெர்லின், பாரிஸ், லண்டன், வாஷிங்டன், டோக்கியோ முதலிய தலைநகரங்களுக்கு அச்செய்தியைத் தந்தி வாயிலாகத் தெரிவித்தார்.

பாகு எத்தகைய ஊர் என்பதை அறிந்தால் இந்தப் பரபரப்பின் பொருள் விளங்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகில் எடுக்கப்பட்ட மண்ணெண்ணெய் வளத்தில் ஏறத்தாழப் பாதி அந்த ஒரு வட்டாரத்திலிருந்தே வந்தது. மண்ணடியிலிருந்து எழும் எரிவாயு தானே தீப்பற்றி எரியும் நிலம் அது. பாகுவை அடுத்த சுரகானி என்னும் ஊரில் அத்தகைய தீயைச் சூழ்ந்து ஒரு கோயில் இருக்கிறது. அதன் வாயில்களில் சமஸ்கிருதக் கல்வெட்டுகளைக் காணலாம். குர்முகி எழுத்திலும் சில உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டளவில் முல்தான் முதலிய இடங்களிலிருந்து வாணிகத்தின் பொருட்டுச் சென்று தங்கிய இந்தியர்கள் வழிபட்ட இடம் அது. பாகு நகரில் முல்தானியர் பெயரால் ஒரு வணிகர் சத்திரமும் உள்ளது. ஆக, ஊர் விட்டு ஊர் சென்று தம் தெய்வத்தையும் உடன்கொண்டு போனவர்களை அந்த மண் முன்பே கண்டிருக்கிறது.

குடியரசு வாழ்ந்தது 23 மாதமே. துருக்கியப் படையின் துணையோடு 1918 செப்டம்பர் 15இல் பாகு அதன் கைக்கு வந்தது. அவ்வாண்டு மார்ச்சில் அந்நகரில் முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டிருந்தனர். செப்டம்பரில் ஆர்மீனியர் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். திருநாளைப் பேசுவோர் இவற்றுள் ஒன்றை மட்டும் சொல்லி மற்றொன்றை விட்டுவிடுவது இருதரப்பிலும் வழக்கமாகிவிட்டது. டிசம்பர் 7இல் பாராளுமன்றம் கூடியது. அதனைத் தொடங்கிவைத்த மம்மது எமீன் ரசூல்சாதே, ஒருமுறை ஏறிய கொடி மீண்டும் இறங்காது என்னும் கருத்துப்படப் பேசினார். நீலம், சிவப்பு, பச்சை ஆகிய மூவண்ணத்தில் பிறையும் எண்முனை விண்மீனும் பொறித்த கொடி அது. 1919இல் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பாகுவில் பல்கலைக்கழகமும் தோன்றியது.

முதலாண்டு நிறைவு நாளான 1919 மே 28இல் பாரிசில் நடந்ததொன்று குறிக்கத்தக்கது. முதல் உலகப்போருக்குப் பிந்திய அமைதி மாநாட்டுக்குச் சென்ற அசர்பைஜானியத் தூதுக்குழுவினர், வழியில் இஸ்தான்புல்லில் பல மாதம் அனுமதிக்காகக் காத்துக்கிடந்து, அம்மாதந்தான் பாரிஸ் வந்து சேர்ந்திருந்தனர். அவர்கள் தலைவர் அலிமர்தான் பே தோப்சுபாஷி தம் நாட்டின் பிறந்த நாளன்றே அமெரிக்கத் தலைவர் வில்சனைக் கண்டு பேசினார். உலகைச் சிறு சிறு துண்டுகளாக்க விரும்பவில்லை என்பதே வில்சன் தந்த விடையின் சாரம். ஆயினும் குழுவினர் சோர்ந்துவிடவில்லை. 1920 ஜனவரியில் நேசநாடுகள் அக்குடியரசு உள்ளதென்பதை நடைமுறையளவில் ஏற்றன. அதே மாதத்தில்தான், பாராளுமன்றம் அரசுச் செலவில் அயல்நாட்டுக்கு அனுப்பத் தீர்மானித்த நூறு மாணவர் திட்டப்படி, இளைஞர்கள் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டனர். படித்துத் திரும்பி நாட்டைக் கட்டுவார்கள் என்பது எண்ணம்.

1920 ஏப்ரல் 28இல் செஞ்சேனை பாகுவைக் கைப்பற்றியது. தூதுக்குழுவுக்கு அனுப்பியவர் இல்லை. மாணவர்க்கு அனுப்பிய அரசே இல்லை. அம்மாணவருள் பலர் பின்னர்த் தாயகம் திரும்பி 1930களின் களையெடுப்பில் மாண்டனர். தோப்சுபாஷி பாரிசிலேயே தங்கி, வறுமையுற்றும் தூதரென்ற நிலையை விடாது, 1934இல் மறைந்தார். அந்நகரை அடுத்த சேன் குளூ இடுகாட்டில் அவர் கல்லறை உள்ளது. விடுதலைச் செய்தியை உலகுக்குத் தந்தியடித்த கோய்ஸ்கி, நாடிழந்து திப்லிஸ் சென்ற இரண்டே மாதத்தில் அங்குச் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 28 துக்க நாள், மே 28 திருநாள் என ஒரு மாத இடைவெளியில் இரு நாள்களை அகதிகள் ஆண்டுதோறும் கடைப்பிடிக்கலாயினர்.

அவர்கள் வரலாற்றின் பெரும்பகுதி ரசூல்சாதேயின் வாழ்விலேயே அடங்கும். 1920இல் சிறைப்பட்ட அவரை, பழம் பழக்கத்தை எண்ணி ஸ்டாலின் விடுவித்து மாஸ்கோவுக்கு அழைத்துச் சென்றார். 1922இல் அவர் அங்கிருந்து பின்லாந்து வழியே தப்பி இஸ்தான்புல் அடைந்தார். மறு ஆண்டே ‘யெனி காப்காஸ்யா’ என்னும் ஏட்டைத் தொடங்கினார். ‘புதிய காக்கசஸ்’ என்பது அப்பெயரின் பொருள். சோவியத்து அரசு துருக்கிக்குத் தந்த நெருக்கடியால் அது 1927இல் நின்றது. சில ஆண்டில் அவருக்கே துருக்கியில் இடமில்லாது போயிற்று. போலந்து, ஜெர்மனி, ருமேனியா எனத் திரிந்து 1947இல் மீண்டும் துருக்கி வந்தார். 1949இல் அங்காராவில் அசர்பைஜான் பண்பாட்டுச் சங்கம் எழுந்தது. 1952இல் ‘அசர்பைஜான்’ என்ற பெயரிலேயே ஒரு மாத இதழும் வெளிவந்தது. ஒரு சங்கமும் அதற்கொரு மாத இதழும் புலம்பெயர்ந்தோர்க்கு என்ன பயன் தரும் என்பதை இவ்விதழின் வாசகர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. 1953ஆம் ஆண்டு மே 28இல் அமெரிக்கக் குரல் வானொலி வாயிலாக அவர் தம் நாட்டு மக்களை நோக்கிப் பேசினார். தாயகத்தில் எத்தனை பேர் கதவைச் சாத்திக்கொண்டு அதனைக் கேட்டனரோ, யார் அறிவார்? 1955 மார்ச்சு 6இல் அங்காராவில் மறைந்தார். ஒருமுறை ஏறிய கொடியை அவர் தம் ஊரில் மறுமுறை காணவில்லை.

இதற்கு அவர் வீட்டார் கொடுத்த விலை பெரிது. அவருடைய மூத்த மகன் ரசூல் 1938இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மனைவி கசகஸ்தானுக்குக் கடத்தப்பட்டு அங்கேயே உயிர்நீத்தார். அயலூரிலும் அச்சம் நீங்கியிருந்ததென்று சொல்வதற்கில்லை. ம்யூனிக் நகரிலிருந்து சோவியத்து மக்களுக்கு ஒலிபரப்பிய வானொலியின் அசர்பைஜானியப் பிரிவை நடத்திய அப்துர்ரஹ்மான் பத்தலிபேலி 1954இல் அந்நகரிலேயே கொலையுண்டார். ஆண்டுக்கொரு கொடியேற்றம், இரண்டு சொற்பொழிவு, ஒரு தேநீர் விருந்து என்று நாம் எளிதாக எண்ணிவிடும் விழாவுக்குப் பின்னால் இத்தனையும் நின்றன.

அக்காலத்துச் செய்திகளுள் எம் உள்ளத்தை மிகவும் தொட்டது இரு சகோதரர் வரலாறு. மூத்தவர் உசேயிர் ஹாஜிபேயோவ்; கீழ்நாட்டு இசை மரபையும் மேனாட்டு இசைநாடக வடிவத்தையும் இணைத்து 1908இல் ‘லெய்லியும் மஜ்னூனும்’ என்னும் இசைநாடகத்தை அரங்கேற்றிய பெருங்கலைஞர். இளையவர் ஜேய்ஹூன், எழுத்தாளர், பத்திரிகையாளர். காரபாக் மலைநாட்டுச் சூசா நகரில் வளர்ந்தவர்கள். தம்பி 1919இல் தோப்சுபாஷியின் குழுவில் ஒருவராகப் பாரிஸ் சென்றார். ஆட்சி மாறியது, அவர் திரும்பவில்லை. தமையன் ஊரிலேயே இருந்தார். குடியரசின் பண்ணுக்கு இசையமைத்த அதே கை, பின்னர்ச் சோவியத்து அசர்பைஜானின் நாட்டுப்பண்ணுக்கும் இசையமைத்தது. பட்டங்களும் பரிசுகளும் அவரைத் தேடி வந்தன. தம்பியோ பாரிசிலிருந்து அவ்வாட்சியை எதிர்த்து எழுதிக்கொண்டிருந்தார். உசேயிர் 1948இல் பாகுவில் மறைந்தார். ஜேய்ஹூன் 1962இல் பாரிசில் மறைந்தார்.

இவருள் எவர் நாட்டுக்கு உண்மையானவர் என்று வழக்காடுவோர் உண்டு. எமக்கு அவ்வழக்கில் விருப்பமில்லை. ஊரில் நின்றவர் பணிந்து வாழ்ந்து இசையைக் காத்தார்; வெளியே போனவர் பணியாதிருந்து நாளைக் காத்தார். ஒருவர் செய்ததை மற்றவர் செய்திருக்க முடியாது. அப்பண்ணுக்குச் சொல் எழுதிய கவிஞர் அகமது ஜவாதின் கதியையும் சேர்த்தெண்ணிப் பார்த்தால், ஊரில் நின்றவர்மேல் பழி சொல்ல நா எழாது. அவரும் ஊரில்தான் இருந்தார். 1937இல் அவரைச் சுட்டுக் கொன்றனர். அவர் மனைவி சுக்ரியா எட்டாண்டு கசகஸ்தான் முகாமில் கழித்தார்.

உயிரச்சத்துக்கு அடுத்தபடியாக இவர்களைப் பிரித்தது எழுத்து. அசர்பைஜானிய மொழி துருக்கிய இனத்தைச் சேர்ந்தது. 1920கள் வரை அஃது அரபு எழுத்தில் எழுதப்பட்டது. பின்னர் லத்தீன் எழுத்துக்கு மாற்றினர். 1929 முதல் அதுவே ஒரே எழுத்தாயிற்று. பத்தாண்டு சிறிது கடந்தபின், 1940இல், ரஷ்யர் வழங்கும் சிரில்லிக் எழுத்தைப் புகுத்தினர். 1991 டிசம்பரில் மீண்டும் லத்தீன் எழுத்துக்கு வந்தனர். ஒரே நூற்றாண்டில் மூன்று மாற்றம். 1920இல் ஊரை விட்ட ஒருவர் அரபு எழுத்தில் எழுதிய கடிதத்தை, ஊரில் 1940க்குப் பின் பள்ளி சென்ற அவருடைய பேரன் எழுத்துக்கூட்டியும் படிக்க முடியாது. தாத்தாவின் நாட்குறிப்பு பேரனுக்குக் கோடுகளாகவே தோன்றும். மொழி மாறவில்லை, பேசினால் விளங்கும், எழுதினால் விளங்காது. வீட்டில் தமிழ் பேசியும் தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இத்துன்பத்தின் ஒரு சிறு கூறு தெரியும். நம் பிள்ளைகள் விரும்பின் கற்றுக்கொள்ளலாம். அவர்களுக்கோ எதைக் கற்பதென்பதே ஆணையால் மாறிக்கொண்டிருந்தது.

துருக்கியில் குடியேறியோர்க்கு வேறோர் இடர் இருந்தது. துருக்கி மொழியும் அவர்தம் மொழியும் மிக நெருங்கியவை. ஜெர்மனியில் வளரும் பிள்ளை வீட்டு மொழி வேறு, தெரு மொழி வேறு என்று அறிந்திருக்கும். அங்காராவில் வளர்ந்த பிள்ளைக்கு அவ்வேறுபாடே தோன்றாது. இரண்டொரு சொல்லை மாற்றி, ஒலியைச் சற்றே திருத்தி, ஒரு தலைமுறையில் துருக்கியனாகவே ஆகிவிடும். முற்றிலும் அயலான மொழியைவிட அண்டை மொழியே தாய்மொழியை ஓசையின்றி விழுங்கிவிடுகிறது. நம்மவருள் கேரளத்திலும் கன்னட நாட்டிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்வோர் இதனை நன்குணர்வர். அங்காராச் சங்கத்தார் ஒரு நாளையும் ஓர் இதழையும் விடாப்பிடியாகப் பற்றிநின்றதற்கு இதுவும் ஒரு காரணமென்று கருதுகிறோம்.

தாயகத்தில் அந்நாள் முற்றும் மறைந்துவிட்டதா என்றால், இல்லை. 1956இல் ஜாகித் ஹிலாலோக்லு என்னும் இளைஞர் பாகுவின் பழம்பெருங்கோபுரமான கன்னிக் கோபுரத்தின் மேல் மூவண்ணக் கொடியை ஏற்றிச் சிறை புகுந்தார். 1988 நவம்பரில் பாகுவின் பெருந்திடலில் கூடிய மக்களிடையே அக்கொடி மீண்டும் தோன்றியது. 1990 ஜனவரி 20இல் சோவியத்துப் படை நகருள் புகுந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அவ்வாண்டே மே 28 நாட்டின் திருநாளாக அறிவிக்கப்பட்டது. 1991 பிப்ரவரியில் கொடியும், அக்டோபர் 18இல் விடுதலையும், 1992 மே 27இல் உசேயிரும் ஜவாதும் அளித்த நாட்டுப்பண்ணும் அடுத்தடுத்து வந்து சேர்ந்தன. 1918ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலப்படி ஒன்று 2014இல் லண்டனிலிருந்துதான் பாகு வந்தது.

அக்டோபர் 18ஐயா, மே 28ஐயா, எதனை விடுதலைத் திருநாள் என்பது என்ற கேள்வியும் எழுந்தது. 2021இல் இயற்றிய சட்டம் மே 28ஐ விடுதலை நாளென்றும், அக்டோபர் 18ஐ விடுதலை மீண்ட நாளென்றும் வகுத்தது. நவம்பர் 1, ஜூலை 18 என்று தமிழ்நாடு நாளுக்கு இரு தேதிகளைக் கண்ட நமக்கு இது புதுமையன்று.

தாயகம் நாளை மீட்டுக்கொண்டபின் அயலகத்து விழாவின் முகம் மாறியது. 2001இல் உலக அசர்பைஜானியர் மாநாடு பாகுவில் கூடியது. மறு ஆண்டு அயல்நாட்டில் வாழ்வோர்க்கென்றே அரசு ஒரு துறையை ஏற்படுத்தியது. இன்று பல தலைநகரங்களில் தூதரகமே மே 28 விருந்தை நடத்துகிறது. பெரிய விடுதி, விளக்கலங்காரம், அயல்நாட்டு விருந்தினர், அளந்தெடுத்த உரை. வேண்டாமென்று சொல்வதற்கில்லை. ஆயினும் அரசு விருந்தில் அழைக்கப்பட்டோர் வருவர். சங்க மண்டபத்தில் அழையாதோரும் வருவர். ஆட்சியோடு மாறுபட்டு ஐரோப்பிய நகரங்களில் வாழும் எழுத்தாளரும் பத்திரிகையாளரும் இன்றும் உளர். பல கட்சிகள் அமர்ந்து வாதிட்ட பாராளுமன்றம் ஒன்று இருந்ததன் நினைவாக அவர்களும் அதே நாளைத்தான் போற்றுகின்றனர். அதே நாளில், அதே நகரங்களில், ஆர்மீனியரும் தம் கொடியை ஏற்றுகின்றனர். காரபாக்கிற்காக இரு நாட்டாரும் இருமுறை போரிட்டுப் பல்லாயிரவரை இழந்தவர்கள். ஒருவர் விழாவுக்கு மற்றவர் வாழ்த்துச் சொல்லும் காலம் இன்னும் வரவில்லை.

ஜெர்மனியிலோ ஸ்வீடனிலோ ஒரு சங்கம் நடத்தும் விழா பெரும்பாலும் இவ்வாறிருக்கும். நாட்டுப்பண் பாடுவர், இறந்தோர்க்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்பர். உரைகளை விரைவில் முடித்தால் அவையோர் மகிழ்வர். இஃது எல்லா நாட்டுச் சங்கங்களுக்கும் பொது. பின்னர் இசை. தார் என்னும் நரம்புக் கருவியும், வில்லால் இழைக்கும் கமாஞ்சாவும் துணைநிற்க, பாடுபவர் கையிலொரு தோற்கருவியை ஏந்தி முகாம் பாடுவார். ராஸ்த், சூர், சேகா எனப் பெயர் பெற்ற பண்களை வரம்புக்குட்பட்டுத் தம் மனோதர்மப்படி விரித்துப் பாடும் கலை அது. நம் ஆலாபனையில் பழகிய செவிக்கு அயன்மை தோன்றாது. உணவில் தலைமை பெறுவது குங்குமப்பூ மணக்கும் ‘ப்லோவ்’. நம் புலவுக்கு உடன்பிறப்பு. மெல்லிய அப்பத்துள் சோற்றைப் பொதிந்து வேகவைத்து அவையில் அறுத்துப் பரிமாறுவது அதன் அரச வகை. திராட்சை இலையில் இறைச்சி பொதிந்த தோல்மாவும் இருக்கும். தேநீரைப் பேரிக்காய் வடிவான சிறு கண்ணாடிக் குவளையில் பருகுவர்.

மண்டபத்தில் அமர்ந்திருப்போரை உற்று நோக்கினால் முன்சொன்ன எழுத்தின் கதை அங்கேயும் தெரியும். பாகுவிலிருந்து வந்த பாட்டி சிரில்லிக் எழுத்தில் படித்தவர். அராஸ் ஆற்றுக்குத் தெற்கே ஈரானில் அசர்பைஜானியர் தாய்நாட்டிலுள்ளோரைவிட மிகுதி. அங்குள்ள தப்ரீஸ் நகரிலிருந்து வந்தவர் பள்ளியில் பாரசீகமே கற்றவர், தம் மொழியை எழுதினால் அரபு எழுத்தில்தான் எழுதுவார். மே 28 அவருடைய அரசின் நாளன்று. ஆயினும் பாட்டும் பேச்சும் தம்முடையவை என்று வந்திருப்பார். மேடையில் நிற்கும் சிறுமி வார இறுதிப் பள்ளியில் லத்தீன் எழுத்தில் கற்றவள். அவள் கையிலுள்ள தாளை அவையிலுள்ள முதியோர் இருவரும் எளிதிற் படிக்க மாட்டார்கள். அவள் வாயால் சொல்லும்போது இருவர்க்கும் விளங்கும்.

சொல்லி முடித்ததும் கைதட்டுவர். பாட்டி உச்சரிப்பில் ஒரு பிழையைத் திருத்துவார். அவள் தலையசைத்துவிட்டு ஓடிப்போய்த் தோழியரோடு சேர்ந்துகொள்வாள். அங்கே அவர்கள் பேசிக்கொள்வது ஜெர்மன் மொழியில்.